உறைக்குள் இருக்கட்டும் கைத்துப்பாக்கி

உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர், அதைப் பொது இடத்துக்குக் கொண்டு செல்லும்போது உறையில் இட்டே கொண்டு செல்ல வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருப்பது பலருக்குத் தெரியாது. மத்திய உள்துறை அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அறிவிக்கை செய்த ஆயுத விதிகளில் 32-ஆவது விதி இதைப் பற்றியது. கைத்துப்பாக்கிக்கென்றே உருவாக்கப்பட்ட, அல்லது அதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்ட உறையில் ஆயுதத்தை வைத்து, அந்த உறையை உடலோடு பொருத்தியிருக்க வேண்டும். இல்லையேல் முதுகுப்பை போன்ற ஒன்றில் வைத்திருக்க வேண்டும். எப்படி வைத்தாலும் ஆயுதம் முழுவதுமாக மூடப்பட்டிருக்க வேண்டும். கொண்டு செல்பவரின் கட்டுப்பாட்டை விட்டு அது விலகக் கூடாது. பொது இடத்தில் அதை எடுத்து வீசிக் காட்டுவதற்கும் சுடுவதற்கும் தடை உண்டு.

துப்பாக்கியை வெளியே தெரிய அணிவதா, மறைத்து அணிவதா என்பது அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக நடந்து வரும் விவாதம். வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கியைக் கொண்டு செல்வது அரசமைப்பு அளித்த உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2022 ஜூன் மாதம், நியூயார்க் மாநிலச் சட்டம் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்போது அதற்கு அனுமதிச் சீட்டே தேவையில்லை. நம் உச்சநீதிமன்றமோ 2023 பிப்ரவரியில், உரிமமில்லா ஆயுதங்களின் பெருக்கம் குறித்துத் தானாக முன்வந்து கவலை தெரிவித்தபோது, ஆயுதம் தாங்கும் அடிப்படை உரிமை இந்தியக் குடிமகனுக்கு இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆகவே இங்கே துப்பாக்கி உரிமம் என்பது அரசு நிபந்தனையோடு தரும் அனுமதி. அந்த நிபந்தனைகளுள் ஒன்று உறை. ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து ஆயுதம் வாங்குபவர், அதன் விலையில் மிகச் சிறு பங்கே ஆகும் உறையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை என்பதுதான் வியப்பு.

இதை எழுதத் தூண்டியவர் என்னிடம் பொருளாதாரம் படித்த மாணவர் ஒருவர். வானூர் வட்டத்தில் கல்குவாரிகளும் ஜல்லி உடைக்கும் ஆலைகளும் மிகுதி. லாரிகள் கிளப்பும் வெள்ளைப் புழுதியே அதைச் சொல்லும். அத்தகைய ஆலை ஒன்றை நடத்தும் அவர், வாரக் கூலிக்கான பணத்தைத் திண்டிவனத்து வங்கியிலிருந்து தாமே காரில் எடுத்து வருகிறார். 'சார், லைசென்ஸுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். சின்ன ரிவால்வராக வாங்கிப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. எந்த உறை நல்லது?' என்று கேட்டார். கல்லூரியில் பல ஆண்டுகள் தேசிய மாணவர் படைப் பொறுப்பையும் நான் கவனித்து வந்ததால் இந்தக் கேள்விக்கு நான் பொருத்தமானவன் என்று அவர் நினைத்திருக்கக் கூடும். அவர் கேட்டது உறையைப் பற்றி மட்டுமே. ஆனால் அதற்கு உரிய பதிலைச் சொல்லப் போனால், துப்பாக்கி வேண்டுமா என்ற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆயுதம். 9 மி.மீ., .38, .455 ஆகிய தோட்டாக்களைச் சுடும் கைத்துப்பாக்கிகள் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். சாமானியருக்கு அவை கிடையா. மாவட்ட ஆட்சியர் வழங்கும் உரிமத்தில் பெரும்பாலோர் வாங்குவது .32 ரகம். கான்பூரில் தயாராகும் ரிவால்வரும், மேற்கு வங்கத்தின் இஷாப்பூரில் தயாராகும் 'அஷானி' பிஸ்டலும் இந்த ரகத்தவை. தில்லிக் கொடுமைக்குப் பிறகு, பெண்களுக்கென 2014 ஜனவரியில் கான்பூர் ஆலை வெளியிட்ட 'நிர்பீக்' என்ற ரிவால்வரும் இதே ரகம்தான்: எடை சுமார் அரைக் கிலோ, விலை 1,22,360 ரூபாய். கைப்பையில் வைத்துக்கொள்ளலாம் என்பதே அதற்குச் செய்யப்பட்ட விளம்பரம். அக்காலத்தில் அதன் விலையைப் பற்றிப் பலர் எழுதினார்கள். அதைக் கைப்பையில் எப்படி வைத்துக்கொள்வது என்பதை எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

சட்டைப்பையிலோ கால்சட்டைப் பையிலோ வைக்கும் உறைக்கு முதன்மையான வேலை, விசையை மூடுவது. துப்பாக்கியின் விசைக்கு எது அதை அழுத்துகிறது என்று தெரியாது. விரலானாலும், வண்டிச் சாவியானாலும், பேனா மூடியானாலும் அதற்கு ஒன்றே. ரிவால்வரின் விசை பொதுவாகச் சற்றுக் கடினம். சுடுவதற்குத் தயார் நிலையில் உள்ள பல பிஸ்டல்களின் விசை அதைவிட இலகு. எனவே உறை, விசையையும் அதைச் சுற்றியுள்ள வளையத்தையும் முழுவதும் மூட வேண்டும். வெளியிலிருந்து விரலால் அழுத்தினால்கூட உள்ளே விசை அசையாத அளவுக்கு அது விறைப்பாக இருக்க வேண்டும். மெல்லிய துணிப் பை இதற்கு உதவாது. துப்பாக்கி உள்ள பாக்கெட்டில் வேறு எந்தப் பொருளும், ஒரு ரூபாய் நாணயம்கூட, இருக்கக் கூடாது என்பதும் இதன் பகுதியே.

அடுத்தது, துப்பாக்கியை ஒரே நிலையில் நிறுத்தி வைப்பது. வெறும் பாக்கெட்டில் போட்ட துப்பாக்கி நடக்க நடக்கச் சாயும், திரும்பும், சில நேரம் தலைகீழாகும். குழல் வாய் எங்கே பார்க்கிறது என்பதை வைத்திருப்பவரே அறிய மாட்டார். அவசரத்தில் கையை விட்டால் பிடிக்கு முன்பாக விசை விரலில் படும். நல்ல உறை அடியில் அகன்று, பாக்கெட்டின் அடிப்பகுதியை நிரப்பி நிற்கும். பிடி எப்போதும் மேலே, குழல் எப்போதும் கீழே. துப்பாக்கியின் வடிவம் துணியின்மேல் அச்சிட்டாற்போலத் தெரியாமல் இருப்பதும் இதனால்தான். தட்டையான முகப்புக் கொண்ட உறை, பார்ப்பவருக்குப் பணப்பையாகவோ கைப்பேசியாகவோ தோன்றும். 'முழுவதுமாக மூடப்பட்டு' என்று விதி கேட்பதை இது ஓரளவு நிறைவேற்றுகிறது. பாக்கெட்டில் தளர்வாகக் கிடக்கும் உறை 'உடலோடு பொருத்தியது' ஆகுமா என்பது வாதத்துக்குரியது. என் பார்வையில், துணியைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும் உறையே அந்தச் சொற்களுக்குச் சற்றேனும் நெருக்கமானது.

மூன்றாவது, துப்பாக்கியை எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்கிவிட வேண்டும். உறையோடு சேர்ந்து வந்த துப்பாக்கியால் எந்தப் பயனும் இல்லை. வெளிப்புறத்தில் சொரசொரப்பான தோல் வைத்தோ, பாக்கெட்டின் ஓரத்தில் மாட்டும் கொக்கி வைத்தோ தைக்கப்படுவது இதற்காகவே. திரும்ப வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பாக்கெட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் உறைக்குள் துப்பாக்கியைத் துழாவிச் செருகக் கூடாது. உறையை வெளியே எடுத்து, பார்த்து, துப்பாக்கியை அதில் இட்டு, பிறகு இரண்டையும் ஒன்றாகப் பாக்கெட்டில் வைக்க வேண்டும். பின்பாக்கெட் கூடவே கூடாது: உட்காரும்போது அழுத்தம் விழும், பேருந்து நெரிசலில் பணப்பை பறிபோவது போல் துப்பாக்கியும் பறிபோகும்.

உறையைத் தேர்ந்தெடுக்க ஒரு சோதனையைச் செய்துவிடலாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலி என்பதை இருமுறை பார்த்து, உறையில் இட்டுத் தலைகீழாகக் குலுக்கிப் பார்க்க வேண்டும். பிறகு பாக்கெட்டில் வைத்து நாற்காலியில் அமர்ந்து பார்க்க வேண்டும். என் மாணவரிடம் நான் சொன்ன சோதனையும் அதுவே. கார் இருக்கையில் அமர்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு, முன்பாக்கெட்டில் உள்ள பொருளை எடுத்துப் பார் என்றேன். கைப்பேசியை வைத்து முயன்றவர் சிரித்துவிட்டார். தொடை மடங்கிய நிலையில் பாக்கெட்டுக்குள் கை நுழைவதே அரிது. அவர் அஞ்சும் ஆபத்து காருக்குள் இருக்கும்போது வரக்கூடியது. அங்கே அவர் வாங்க நினைக்கும் கருவி எட்டாது.

நம் உடையும் நம் வானிலையும் இக்கருவிக்கு ஒத்து வருவன அல்ல. பாக்கெட் உறைகள் பெரும்பாலும் கெட்டித் துணியால் தைத்த ஆழமான கால்சட்டைப் பையை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. நம் கடைத்தெருவில் தைக்கும் கால்சட்டையின் உள்பை மெல்லிய துணி. அரைக் கிலோ எடையை அது சில மாதங்கள் தாங்கினால் அதிகம். வேட்டி கட்டுபவருக்கு இருப்பது அகன்ற பச்சை பெல்ட்டின் பையும் சட்டைப்பையும்தான். குனிந்தால் சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூடே விழுகிறது. துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பில் வெறுமனே செருகிக்கொள்வதோ எல்லாவற்றிலும் கேடு. வானூரிலிருந்து கடற்கரை தொலைவில் இல்லை. உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் இரும்பில் துரு ஏற வாரங்களே போதும். தோல் உறை உடலுக்கு இதமானது, ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அச்சில் வார்த்த நெகிழி உறை ஈரத்தை உறிஞ்சாது, வடிவம் குலையாது, விசையை நன்றாக மூடும், தொடையில் உறுத்தும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். எதுவானாலும் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, துடைத்து, தோட்டா நீக்கிப் பூட்டி வைக்க வேண்டும். உறை என்பது எடுத்துச் செல்வதற்கானது, சேமித்து வைப்பதற்கானது அன்று.

இவை அற்ப விவரங்கள் என்று தோன்றலாம். 2024 அக்டோபர் 1 அதிகாலையில், மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா வெளியூர் புறப்படும் முன் தம் உரிமத் துப்பாக்கியைக் கையாண்டபோது அது வெடித்து அவர் காலிலேயே குண்டு பாய்ந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பர்ரஸ் 2008 நவம்பர் இறுதியில் நியூயார்க் கேளிக்கை விடுதி ஒன்றுக்கு உறையில்லாத பிஸ்டலை இடுப்பில் செருகிக்கொண்டு சென்றார். அது நழுவிக் கால்சட்டைக்குள் இறங்க, பிடிக்கப் போனவரின் தொடையில் சுட்டது. அந்த ஆயுதத்துக்கு நியூயார்க்கில் உரிமமும் இல்லாததால் சிறைக்கும் சென்றார். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் என்ற சிற்றூரில் நிகழ்ந்தது இவற்றினும் கொடியது. கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்த இளம் தாயின் கைப்பையை அவருடைய இரண்டு வயதுக் குழந்தை துழாவியது; உள்ளே இருந்த துப்பாக்கி வெடித்துத் தாய் அந்த இடத்திலேயே இறந்தார். அந்தக் கைப்பை, துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு தைக்கப்பட்டது. கைப்பை உடலைவிட்டு ஓர் அடி விலகினாலே கட்டுப்பாடும் விலகிவிடுகிறது. 'நிர்பீக்' விளம்பரம் நினைவுக்கு வருகிறது.

பொருளாதார மாணவனாக எனக்கு ஆர்வமூட்டுவது, மறைத்தல் என்பதன் விளைவு. கார்களுக்குள் மறைத்து வைக்கும் ஒரு சிறு வானொலிக் கருவியை இயன் அயர்ஸ், ஸ்டீவன் லெவிட் ஆகிய இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1998-இல் கட்டுரை வெளியிட்டனர். காருக்கு வெளியே தெரியும் பூட்டு, திருடனை அடுத்த காருக்கு அனுப்பிவிடுகிறது. மறைந்திருக்கும் கருவியோ, எந்தக் காரில் அது உள்ளது என்று திருடனுக்குத் தெரியாததால், கருவி இல்லாத கார்களையும் காப்பாற்றுகிறது. மறைத்து வைத்த துப்பாக்கிக்கும் இதே தர்க்கத்தைப் பொருத்தியவர் ஜான் லாட். 1997-இல் டேவிட் மஸ்டர்டுடன் சேர்ந்து எழுதிய ஆய்வில், மறைத்துத் துப்பாக்கி வைத்திருக்க அனுமதித்த மாநிலங்களில் வன்குற்றம் குறைந்ததாகக் கூறினார். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2004-இல் அந்தத் தரவுகளைப் பரிசீலித்து, அவற்றிலிருந்து அத்தகைய முடிவுக்கு வர இயலாது என்றது. 2019-இல் ஜான் டோனஹியூவும் அவருடைய சகாக்களும், அனுமதி வழங்கிய பத்து ஆண்டுகளுக்குப் பின் அந்த மாநிலங்களில் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் கூடுதலாக இருந்தது என்று மதிப்பிட்டனர். காரில் உள்ள கருவியைத் திருடி யாரையும் சுட முடியாது, துப்பாக்கி அப்படியன்று. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

நம் மாநிலத்தில் அந்தத் தர்க்கத்துக்கு முதலடியே இல்லை. 2016 இறுதியில் நாட்டில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் சுமார் 22,500. அதாவது, 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துப் பார்த்தால் அங்கே ஏறத்தாழ 156 பேருக்கு ஓர் உரிமம். இங்கே 3,200 பேருக்கு ஒன்று. இவற்றுள் பெரும்பகுதி வயல் காக்கும் நீளத் துப்பாக்கிகளும் வங்கிக் காவலரின் துப்பாக்கிகளுமாக இருக்கும்போது, எதிரே வருபவர் பாக்கெட்டில் ரிவால்வர் இருக்கக்கூடும் என்று அஞ்சி எந்த வழிப்பறிக்காரனும் தொழிலை விடப் போவதில்லை. மறைத்து வைத்த துப்பாக்கியால் நமக்கு மிஞ்சும் சமூக நன்மை அநேகமாகப் பூஜ்யம். மிஞ்சுவது தனி மனிதரின் மன தைரியம். சிலரிடம் அது வெறும் அந்தஸ்து. மறைத்து வைக்க வேண்டிய பொருளைப் பலருக்குச் சொல்லி மகிழ்வதற்காகவே வாங்குகிறார்கள் என்பது விந்தையான முரண். திருமண ஊர்வலத்தில் வானை நோக்கிச் சுடும் வட இந்திய வழக்கத்துக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் விதித்தது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததும் அதே திருத்தம்தான்.

பாக்கெட்டில் அடங்கும் பிஸ்டலின் வரலாற்றில் எங்கள் பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியிருந்த காலத்தில், பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுச்சேரி அச்சட்டத்துக்கு அப்பாற்பட்டது. அங்கே வ.வே.சு. ஐயரிடம் வாஞ்சிநாதன் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆட்சியர் ஆஷை அவர் சுட்டது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டலால். அமெரிக்கரான ஜான் பிரௌனிங் தட்டையான, சிறிய, தானே தோட்டா நிரப்பிக்கொள்ளும் பிஸ்டலை வடிவமைத்திராவிட்டால் ரயில் பெட்டி வரை அதை யார் கண்ணிலும் படாமல் கொண்டு சென்றிருப்பது கடினம். அந்தச் செயலை நாடு நன்றியோடு நினைக்கிறது. ஆனால் கருவி யார் பாக்கெட்டில் இருந்தாலும் அதேபோலத்தான் மறைந்திருக்கும் என்பதும் உண்மை. அரசு இன்று உரிமத்தோடு காவல் துறையின் விசாரணை அறிக்கையையும் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றையும் கேட்பது அதனால்தான்.

அந்தப் பழைய எல்லை இன்றும் ஒரு சிக்கலாக உள்ளது. துப்பாக்கி உரிமத்தில் அது செல்லுபடியாகும் பகுதி குறிக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தை வைத்துக்கொண்டு புதுச்சேரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தால், அந்த நொடி முதல் அது உரிமமில்லா ஆயுதம். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஏறுபவர் மதகடிப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைகிறார்; திருபுவனை தாண்டிக் கண்டமங்கலத்தில் மீண்டும் தமிழ்நாடு; அரியூரில் மறுபடி புதுச்சேரி. காய்கறி வாங்கவும் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் கல்லூரிக்கும் நாள்தோறும் இந்தக் கோட்டைத் தாண்டுவது எங்களுக்கு நினைவிலேயே இருப்பதில்லை. பாக்கெட்டில் துப்பாக்கி உள்ளவர் அதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தாலோ, மாவட்டக் குழு விலக்களித்தாலன்றி, காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். அந்த நாள்களில் கூலிப் பணத்துக்கு யார் காவல்?

இதையெல்லாம் கேட்ட என் மாணவர், தொழிலாளருக்கு வங்கிக் கணக்கிலேயே கூலியைச் செலுத்தத் தொடங்கியிருக்கிறார். பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் சிலருக்குக் கணக்குத் திறப்பது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மீதிப் பணத்தை ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே வழியில் எடுத்து வரும் பழக்கத்தை மாற்றிவிட்டார். விண்ணப்பத்தை அவர் திரும்பப் பெறவில்லை. அது அவர் முடிவு. தொழிலில் அவருக்கு உண்மையான மிரட்டல்கள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ரிவால்வர் வாங்கினால், உறையை முதலில் வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

அரசு செய்யக்கூடியது சிறிது உண்டு. உரிமம் கோரும்போது ஆயுதத்தை வீட்டில் எங்கே பாதுகாப்பாக வைப்பீர்கள் என்று கேட்கிறார்கள். வெளியே எடுத்துச் செல்லும்போது எதில் வைப்பீர்கள் என்று கேட்பதில்லை. கைத்துப்பாக்கி உரிமத்தை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கையில், ஆயுதத்தோடு உறையையும் கொண்டுவரச் சொல்லி, காலித் துப்பாக்கியை அதில் இட்டு, விசை மூடப்படுகிறதா என்று ஒரு காவல் அதிகாரி பார்த்துக் குறிப்பெழுதலாம். இரண்டு நிமிட வேலை. புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 32-ஆவது விதி ஏற்கெனவே இருக்கிறது.